டோகா உடுத்திய அட்மிரல்

லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள் வடக்கு வாசல் வழியாக நுழைந்ததும் எல்லோரும் ஆடியோ கருவியைக் காதில் வைத்துக்கொண்டு அரசர்களின் கல்லறைகளைத் தேடிப் போய்விடுகிறார்கள். நான் அந்த வடக்குச் சிறகிலேயே நின்றுவிட்டேன். நம் ஊர்ப் பெயர்கள் அங்கேதான் கண்ணில் படுகின்றன.

வைஸ் அட்மிரல் சார்லஸ் வாட்சனின் நினைவுச்சின்னம் அது. கிழக்கிந்தியக் கம்பெனி காசு போட்டு வைத்தது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், செதுக்கியவர் பீட்டர் ஷீமேக்கர்ஸ். இதே கட்டடத்தில் உள்ள ஷேக்ஸ்பியர் சிலையும் ஷீமேக்கர்ஸ் செதுக்கியதுதான். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மாலுமிக்கு ரோமானியரின் டோகா அங்கியைச் சுற்றி, கையில் ஒரு பனையோலையையும் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். கல்கத்தா ஒரு பெண்ணாக மண்டியிட்டு நன்றி சொல்கிறது. மறுபக்கம் வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்திரநாகூர், சங்கிலியில் கட்டுண்ட ஓர் இந்தியனாக.

எனக்கு உறுத்தியது அந்தச் சங்கிலிதான். 1757 மார்ச் 23 அன்று சந்திரநாகூரில் வாட்சனின் கப்பல்களிடம் தோற்றது பிரெஞ்சுக்காரர்கள். கோட்டையில் பறந்ததும் அவர்கள் கொடி. சங்கிலி மட்டும் எப்படி இந்தியனுக்கு வந்தது? கம்பெனிக்கு அப்படித்தான் பார்க்கப் பிடித்திருக்கும் போல.

வாட்சன் 1756 பிப்ரவரியில் மராட்டியக் கடற்படைத் தலைவர் துளாஜி ஆங்கிரேயின் விஜயதுர்க்கத்தைப் பிடித்தார். அக்டோபரில் கிளைவையும் படையையும் ஏற்றிக்கொண்டு நம் சென்னையிலிருந்து வங்காளத்துக்குக் கிளம்பினார். 1757 ஜனவரி 2 அன்று, வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா பிடித்திருந்த கல்கத்தா மீண்டும் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

வாட்சனைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த நவாபைக் கவிழ்க்கப் போட்ட பிளாசி சதியில் பங்கு கேட்ட வணிகர் ஓமிசந்தை ஏமாற்ற, கிளைவ் சிவப்புத் தாளில் ஒரு பொய் ஒப்பந்தம் தயாரித்தார். வாட்சன் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சரி, அதனால் என்ன நின்றது? அவர் கையெழுத்தை வேறொருவர் போட்டார். பின்னாளில் நாடாளுமன்ற விசாரணையில் கிளைவ் இதற்காகக் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. இதைச் செதுக்க கம்பெனி காசு கொடுக்குமா என்ன!

அதே சிறகில் வந்தவாசிப் போரில் வென்று, பாண்டிச்சேரியையும் பிடித்த அயர் கூட்டுக்கும் ஒரு சின்னம் உண்டு. அதிலும் ஓர் இந்தியக் கைதி.

வாட்சனின் உடல் லண்டனில் இல்லை. 1757 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவில் இறந்தார், பிளாசி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கொல்கத்தா போகிறவர்கள் ஆளுநர் மாளிகை பக்கத்தில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறையைப் பார்க்கலாம். கல்கத்தாவில் கம்பெனியின் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் கல்லறையும் அதே வளாகத்தில்தான்.