ரெக்கார்டரை அணைத்த பிறகு

பேட்டி முடிந்ததென்று ரெக்கார்டரை அணைத்துப் பையில் போட்டுவிட்டேன். கதவைத் திறந்துவிட வந்த அந்த அம்மா, தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமலே பேச ஆரம்பித்தார்.

உள்ளே உட்கார்ந்து நான் துருவித் துருவிக் கேட்டும் வராத கதை, வாசற்படியில் தானாக வந்தது.

"இதை எழுதலாமா அம்மா?" என்றேன். தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுப் போட்டுத் திறந்தார். "என் பெயர் வேண்டாம். மற்றதை எழுதுங்கள்."

ஆசிரியர் கேட்டிருப்பது 800 சொற்கள். எங்களைப் போன்ற சுதந்திரப் பத்திரிகையாளர்களுக்குப் பெரும்பாலும் சொல்லை எண்ணித்தான் காசு, அதுவும் கட்டுரை வெளிவந்த பிறகு. (வராமல் போனால் சில இதழ்கள் ஒரு பங்கு தரும். மற்றவை மௌனம் சாதிக்கும்.) வாசற்படியில் நின்ற நேரத்தை எந்தப் பில்லிலும் எழுத முடியாது.

சாதாரண மனிதர்களின் குரல்களைப் பல்லாண்டுகள் சேகரித்து எழுதிய பெலாரஸ் பத்திரிகையாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச்சுக்கு 2015-இல் இலக்கிய நோபல் கிடைத்தது. அந்தக் குரல்களில் எத்தனை, விடைபெறும் நேரத்தில் வந்தவையோ!

மாதச் சம்பள வேலைக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் யாருக்குக் கசக்கும்? ஆனால் அங்கே மாலைக்குள் செய்தி போயாக வேண்டும். வாசற்படியில் நிற்க விடமாட்டார்கள்.

நாளை ஆசிரியரிடம் இன்னும் 400 சொற்கள் கேட்கப்போகிறேன். மறுத்தால் வேறு இதழைப் பார்க்க வேண்டியதுதான்.