மருந்துப் பெட்டிக்காக ஊரை மறித்த கொள்ளையன்

போஃபர்ட், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கடற்கரையில் இருக்கும் சின்ன ஊர். ராலி நகரில் தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது, "பசங்களுக்குக் கடற்கொள்ளையர் மியூசியம் காட்டலாம், வாக்கா" என்று அவன்தான் எங்களைக் காரில் ஏற்றினான். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. கடலை ஒட்டிய ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டிலேயே இருக்கிறது வட கரோலினா கடல்சார் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

பிளாக்பியர்ட் என்று பெயர் வாங்கிய கடற்கொள்ளையன் எட்வர்ட் டீச்சின் கப்பல் 'குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்'. 1718 ஜூனில் இந்த ஊர் முகத்துவாரத்தில் தரைதட்டி நின்றுபோனது. 1996 நவம்பரில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து எடுத்த பொருட்கள்தான் இங்கே காட்சிக்கு இருக்கின்றன.

பிள்ளைகள் புதையல் பெட்டியைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். பெட்டி இல்லை. தங்கம் என்றால் பொடிப்பொடியான துகள்கள் மட்டுமே. புயலில் சட்டென்று மூழ்கிய கப்பல் இல்லை இது. மணல்திட்டில் சிக்கி நின்றதால், ஆட்கள் விலையுள்ளதையெல்லாம் எடுத்துக்கொண்டு இறங்க நேரம் இருந்தது. தூக்க முடியாத பீரங்கிகளும், யாருக்கும் வேண்டாத சில்லறைச் சாமான்களும் கடலுக்கு மிஞ்சின. எனக்கு அந்தச் சில்லறைச் சாமான்கள்தான் மிகவும் பிடித்தன. ஈயக் குண்டுகள், பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவைத் தட்டுகள், 1705 என்று ஆண்டு பொறித்த ஒரு வெண்கல மணி.

அம்மா மட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே இல்லை. பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவர். உள்ளே கப்பல் மருத்துவரின் கருவிகள். நீண்ட வளைந்த முனையோடு ஒரு சிரிஞ்ச். பால்வினை நோய்க்கு மருந்தாகப் பாதரசத்தைச் சிறுநீர்த் துவாரம் வழியே ஏற்றுவதற்கானது. அதைச் சோதித்தபோது உள்ளே பாதரசத்தின் தடயமும் கிடைத்திருக்கிறது. "பாதரசமே விஷம்டி. நோயில செத்தவன் எத்தனை பேரோ, மருந்துல செத்தவன் எத்தனை பேரோ" என்றார் அம்மா. மகள் விடாமல் கேட்டாள், அம்மா மறைக்காமல் அவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார்.

அந்தப் பெட்டியின் முன்னால் நின்றபோதுதான் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் நடந்த கதை எனக்கு உறைத்தது. 1718 மே மாதம் பிளாக்பியர்ட் அந்தத் துறைமுகத்தின் வாயிலை மறித்து, வந்துபோன கப்பல்களைப் பிடித்து, பயணிகளைப் பணயக்கைதிகளாக வைத்தான். ஒரு நகரமே கைக்குள் இருக்கிறது. அவன் கேட்டது ஒரு மருந்துப் பெட்டி! அது வந்து சேர்ந்ததும் கைதிகளை விட்டுவிட்டான். காய்ச்சலும் புண்ணும் பால்வினை நோயுமாக நூற்றுக்கணக்கான ஆட்கள் நெருக்கியடித்துக் கிடந்த கப்பலில், தங்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொரு விஷயம் எங்கள் எல்லோரையுமே கொஞ்ச நேரம் பேசவிடாமல் செய்தது. கொள்ளையன் கைக்கு வரும் முன்பு 'குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்' 'லா கான்கார்ட்' என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பலாக இருந்தது. 1717-ல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் 516 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வழியிலேயே 61 பேர் இறந்துபோனார்கள். அந்த நவம்பரில் கரீபியன் கடலின் மார்ட்டினிக் தீவுக்கு அருகே பிளாக்பியர்ட் கப்பலைப் பிடித்தான். மருத்துவர்களைப் போகவிடாமல் தன்னோடு வைத்துக்கொண்டான். பிடிபட்டிருந்த ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோரைப் பிரெஞ்சுக்காரர்களிடமே விட்டான். அவர்களை மறுபடி ஏற்றிப்போய் மார்ட்டினிக்கில் விற்றார்கள். "அவங்கள ஏன் வீட்டுக்கு அனுப்பல?" என்று மகன் கேட்டான். அப்படி அனுப்புகிற எண்ணம் கொள்ளையனுக்கும் இல்லை, வியாபாரிக்கும் இல்லை என்று அவனிடம் நேராகவே சொன்னேன். கடற்கொள்ளையன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், பார்ப்பதற்கு வெறும் பாறாங்கல் போலிருக்கும் கட்டிகள். இரும்பு உப்புநீரில் துருப்பிடிக்கும்போது சுற்றியுள்ள மணலையும் சிப்பியையும் சேர்த்துக்கொண்டு இறுகிவிடுகிறது. உள்ளே ஆணி இருக்கலாம், கத்தி இருக்கலாம், கைக்குண்டும் இருக்கலாம். உடைத்துப் பார்க்கக் கூடாது. முதலில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். வெளியே எடுத்த இரும்பை அப்படியே காயவிட்டால் உள்ளே ஏறிய உப்பு அதை நொறுக்கிவிடும். அதனால் ரசாயனத் தொட்டியில் போட்டு, மெல்லிய மின்சாரம் பாய்ச்சி உப்பை வெளியேற்றுகிறார்கள். ஒரு பீரங்கிக்கு இதற்கே வருடக்கணக்கில் ஆகிறது. அவ்வளவு காலம் ஒரு பொருளின் மேல் பொறுமையாக இருக்கிறவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு ஒன்றும் உண்டு. ஒரு பீரங்கியின் வெடிமருந்து அறைக்குள் இருந்த ஈரக் கசடில் 16 காகிதத் துணுக்குகள் அகப்பட்டன. ஒட்டியிருந்த சில எழுத்துகளை வைத்தே, 1712-ல் அச்சான ஒரு கடற்பயண நூலின் பக்கங்கள் அவை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கிட்டத்தட்ட முந்நூறு வருடம் கடலடியில் காகிதம்! யாரோ புத்தகத்தைக் கிழித்து பீரங்கிக்குள் அடைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் அதை யாராவது படித்தார்களா என்று நானும் கணவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

கப்பலை இழந்த அதே வருடம் நவம்பர் 22 அன்று, இதே மாநிலத்தின் ஓக்ரகோக் தீவருகே பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட் ராபர்ட் மேனார்டின் ஆட்களோடு நடந்த சண்டையில் பிளாக்பியர்ட் கொல்லப்பட்டான். அந்தத் தீவுக்கு ஃபெர்ரி போகிறது. அன்றைக்கு எங்களுக்கு நேரம் இல்லை. மியூசியத்துக்கு எதிரே சாலையைத் தாண்டினால் மரப்படகு கட்டும் கூடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அதையும் பாருங்கள். சிரிஞ்சைப் பற்றிய மகளின் மிச்சக் கேள்விகளுக்கு அம்மா அங்கே வைத்துத்தான் பதில் சொல்லி முடித்தார்.