தாளில் படிந்த பச்சைத் தூள்

ஐப்பசி மழை பிடித்த முதல் வாரத்தில், மலையடிவாரக் காட்டுப் பாதையோரம் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக் காளான்கள் குடை விரித்து நின்றன. உடன் வந்த அத்தை பார்த்ததுமே உண்ணத்தக்க புற்றுக்காளான் என்றார். எனக்கு ஐயம் தீரவில்லை.

டெர்மிட்டோமைசிஸ் பேரினத்தைச் சேர்ந்த புற்றுக்காளான், கறையான்கள் தம் கூட்டுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து எழுவதால், அதன் தண்டு வேர்போல நீண்டு கூடு வரை மண்ணுக்குள் இறங்கும். குடையின் நடுவே பெரும்பாலும் கூம்பிய முனை இருக்கும். நான் தோண்டியெடுத்ததிலோ தண்டு சற்றுப் பருத்த அடியோடு முடிந்துவிட்டது. தண்டில் மேலும் கீழும் நகரும் வளையமும், குடைமேல் பழுப்புச் செதில்களும் இருந்தன.

வீட்டுக்கு வந்து, தண்டை நறுக்கி நீக்கி, குடையின் மடிப்புகள் கீழ்நோக்கி இருக்குமாறு வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் கிண்ணத்தால் மூடிவைத்தேன். புற்றுக்காளானாக இருந்தால் மடிப்புகளிலிருந்து உதிரும் வித்துத்தூள் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வெளிர்நிறத்தில் படிந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் படிந்திருந்தது மங்கிய பச்சை. குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ் என்னும் நச்சுக்காளானின் அடையாளம் அதுவே. உண்டவரை அது சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் தள்ளிவிடும். இளம் பருவத்தில் அதன் மடிப்புகளும் வெண்மையாகவே இருப்பதால், கண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

பூச்சி அரித்த காளானை மனிதரும் உண்ணலாம் என்று அத்தை வாதிட்டார். அமானிட்டா வகைகள் சிலவற்றில் உள்ள அமாடாக்சின், வேகவைத்தாலும் அழியாமல் கல்லீரலைச் சிதைக்கும் நஞ்சு. ஆனால் அந்தக் காளான்களையும் புழுக்கள் தின்னத்தான் செய்கின்றன. இதைச் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. கூடையிலிருந்த மற்றக் காளான்களை அன்று மாலை அவரே குழி தோண்டிப் புதைத்தார்.