காவடிக்கு முந்தைய நாட்கள்

26 ஜனவரி 2025, ஞாயிறு

இங்கே மொரீஷியசில், ரோஸ் ஹில் சந்தைக்கு மகனை அனுப்பும்போது ஐந்து பொருள்களைச் சொல்லி அனுப்பினேன். முருங்கைக்கீரையும் தேங்காயும் வந்தன. மற்ற மூன்றும் வரவில்லை. பன்னிரண்டு வயதில் நீளமான முருகன் பாட்டு ஒன்றை ஒரே மாலையில் மனப்பாடம் செய்து கோயிலில் பாடியவன் அவன். பதினேழில், மனம் மிகை எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைய மனநோய் (பைபோலார்) கண்டது, இப்போது பத்தொன்பது. ஆறு மாதமாக அளவு மீறிய எழுச்சியும் இல்லை, சோர்வும் இல்லை. பிறகேன் இந்த மறதி என்று கேட்கும் உறவினர் வாயில் ‘சோம்பல்’ என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. முதலில் அந்தச் சொல்லைச் சொன்னவளே நான்தான் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

30 ஜனவரி, வியாழன்

மருத்துவர் இன்று பொறுமையாக விளக்கினார். மனநிலை சீராக இருக்கும் நாட்களிலும் இந்நோயுள்ள இளையோர் பலருக்குச் சொல் நினைவும், கவனமும், கேட்டதை மனத்தில் வாங்கிச் செயலாற்றும் வேகமும் குறைந்தே இருக்கக்கூடும். ஆராய்ந்து முடிவெடுக்கவும் அவசரத்தை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. வேண்டாத நரம்பிணைப்புகள் கழிவதும், நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்பு உறை படர்ந்து செய்தி விரைவதும் இந்த வயதிலும் தொடர்கின்றன. சுவர் எழும்பும்போதே மழை பிடித்துக்கொண்டது போல, நோய் அந்த வேலைக்கு நடுவே வந்துவிடுகிறது.

2018-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, நோயுள்ள 1,837 பெரியவர்களின் மூளைப் படங்களை நோயற்ற 2,582 பேரின் படங்களோடு ஒப்பிட்டபோது, நெற்றி, பக்க, உச்சி மடல்களில் மூளையின் மேற்படலமான புறணி சராசரியாக மெலிந்திருந்தது. மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தை உட்கொள்பவர்களிடம் அது ஒப்பளவில் தடித்திருந்தது. ஆனால் இவையெல்லாம் கூட்டத்தின் சராசரி. ஒருவரின் படத்தை வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது. ‘ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே’ என்று மாதக்கணக்காக வற்புறுத்தி வந்த எனக்கு இது தெரியவேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் போ பாஸேனைக் கடந்தோம். அங்குள்ள மனநல மருத்துவமனை தாங்கும் பெயர் பிரௌன் செக்கார்டினுடையது. தண்டுவடத்தின் நரம்புப் பாதைகளை ஆராய்ந்த அவர் 1817-இல் போர்ட் லூயிசில் பிறந்தவர். மகனிடம் சொன்னேன். ‘நம் ஊர்க்காரரா?’ என்று வியந்தான்.

2 பிப்ரவரி, ஞாயிறு

விரதம் தொடங்கியது. காவடி எடுக்க வேண்டும் என்பது மகனின் ஆசை. எனக்கு அடிவயிறு கலங்கியது. வியர்த்து உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் அவன் உட்கொள்ளும் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். இரத்தத்தில் அளவு ஏறினால் கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும். இந்த ஊரில் தைப்பூசம் கோடை உச்சியில் வருகிறது. மருத்துவரிடமும் குருக்களிடமும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: சைவ உணவு உண்டு, ஆனால் உப்பையோ தண்ணீரையோ விடுவதில்லை, மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடுவதில்லை, காவடிக்குப் பதில் பால்குடம். ‘தம்பி, முருகனுக்கு உன் உடம்பும் வேண்டியதுதான்’ என்றார் குருக்கள்.

6 பிப்ரவரி, வியாழன்

பாட்டி திண்ணையில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் இல்லை. காம்பைப் பிடித்து இழுப்பதிலேயே கண். மகன் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, தட்டைக்கூட எடுக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ‘பாட்டிக்கு என்மேல் வெறுப்பு’ என்று பிறகு சொன்னான்.

இதற்கும் மூளையில் ஒரு வேர் உண்டு. அச்சத்தையும் மிரட்டலையும் மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்னும் சிறு பகுதி, இந்நோயுள்ள வளரிளம் பருவத்தினரிடம் சராசரியாகச் சிறிதாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. உணர்ச்சி காட்டாத முகத்தைக்கூடப் பகை முகமாக அவர்கள் எடுத்துக்கொள்வதும், அவ்வேளையில் அமிக்டலா மிகையாகத் தூண்டப்படுவதும் சோதனைகளில் தெரிந்துள்ளன. அவனுக்கு அதை விளக்கினேன். ‘சந்தேகம் வந்தால் கேட்டுவிடு’ என்றேன். பாட்டிக்கும் தனியாகச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

கோர் த கார்ட் மலைக்கோயில் படிகளில் பால்குடத்தோடு ஏறினான். நான் தண்ணீர்ப் புட்டியோடு பின்னால். நான்கு முறை குடிக்கவைத்தேன். கை நடுங்கவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டேன்.

மதியம் வாழையிலையில் ஏழு கறி. பாட்டி பரிமாறிக்கொண்டே வந்து அவன் எதிரில் நின்றபோது, ‘பாட்டி, என்மேல் கோபமா?’ என்று கேட்டான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘கால் வலிக்குதுடா கண்ணு’ என்றார். அவன் எழுந்து நாற்காலி கொண்டுவந்தான்.