எண்பத்தொன்பதாவது நிமிடம்

நான் இந்தியக் கால்பந்து அணியின் ரசிகன். இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர் ஒரு கணம் தயங்கி, "கிரிக்கெட்டைச் சொல்கிறீர்களா?" என்று திருத்தப் பார்ப்பார், இல்லை என்று உறுதியானதும், எங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதைப் போல முகத்தை மாற்றிக்கொள்வார். அந்த இரக்கம் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் எங்கள் துக்கம் முழுவதும் தோல்வியிலிருந்து வருகிறது என்று அவர்கள் நினைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சும்மா தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை ஒருவர் நிம்மதியாக மறந்துவிடலாம். எங்கள் அணி மறக்க விடாது. கடைசி ஐந்து நிமிடம் வரை தோற்காமல் இருந்துவிட்டு, அதன் பிறகு தோற்கும்.

பெங்களூரின் அல்சூரில் வளர்ந்தவனுக்குக் கால்பந்து தானாகவே ஒட்டிக்கொள்ளும். கண்டோன்மெண்டைச் சுற்றியுள்ள மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் போன்ற தமிழர் வாழும் பகுதிகளில் பட்டாளத்துக்காரர்கள் விட்டுச்சென்ற இந்த ஆட்டம் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருக்கிறது. கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசிலின் பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். உலகக் கோப்பை வந்துவிட்டால் அந்தத் தெருக்கள் மஞ்சளும் பச்சையுமாக மாறிவிடும். என் தாய்மாமன் மகனும் பிரேசில் கட்சிதான். 2014-இல் ஜெர்மனியிடம் பிரேசில் ஒன்றுக்கு ஏழு என்று தோற்ற மறுநாள், மச்சான் சாப்பிடாமல் படுத்துக்கிடந்தான். ஐந்து உலகக் கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் இப்படிப் பட்டினி கிடக்கலாமா என்று எனக்குக் கோபமே வந்தது. நாங்கள் அந்த விதத்தில் துக்கம் கொண்டாட ஆரம்பித்தால் வீட்டில் அடுப்பே எரியாது.

கடைசி நிமிடத் தோல்வி எங்களுக்குப் புதிதாக வந்த நோய் அன்று. சுதந்திர இந்தியாவின் அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை 1948 ஜூலை 31 அன்று, லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து ஆடியது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். ஒரு கோல் பின்தங்கியிருந்த நிலையில், சாரங்கபாணி ராமன் எழுபதாவது நிமிடத்தில் கோல் அடித்துச் சமன் செய்தார். அந்த ஆட்டத்தில் நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. எண்பத்தொன்பதாவது நிமிடத்தில் பிரான்ஸ் இரண்டாவது கோலை அடித்து வென்றது. நன்றாக ஆடுவது, வாய்ப்பை வீணடிப்பது, பார்வையாளர்களின் பாராட்டைப் பெறுவது, கடைசியில் தோற்பது என எதிர்காலத்துக்கு வேண்டிய அத்தனையும் அந்த முதல் நாளிலேயே முழுமையாக அரங்கேறிவிட்டது.

நடுவில் ஒரு பொற்காலம் இருந்ததை மறைப்பதற்கில்லை. 1951-இல் டெல்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வாங்கினோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசூசாவின் மூன்று கோல்களோடு ஆஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டு என்று வீழ்த்தி, நான்காம் இடம் வரை போனோம். ஜகார்த்தா அணியில் பெங்களூரைச் சேர்ந்த அருமைநாயகம் இருந்தார். என் மாமா சிறுவனாக இருந்தபோது அவர் ஆடுவதை நேரில் பார்த்திருக்கிறார். இன்றைய ஆட்டக்காரர் யாராவது பந்தைத் தவறவிட்டால் போதும், "அருமைநாயகமா இருந்தா..." என்று மாமா ஆரம்பிப்பார், அந்த வாக்கியத்தை அவர் முடித்து நான் கேட்டதில்லை. 1950 உலகக் கோப்பைக் கதையும் அவரிடம் உண்டு. தகுதிச் சுற்றில் எதிரணிகள் விலகிக்கொண்டதால் ஒரு ஆட்டம்கூட ஆடாமலேயே பிரேசில் போக நமக்கு இடம் கிடைத்தது, நாம் போகவில்லை. வெறுங்காலோடு ஆட உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அனுமதிக்காததுதான் காரணம் என்ற கதை இன்றும் உலவுகிறது. உண்மையில் அன்றைய இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் கண்ணுக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது, உலகக் கோப்பையின் அருமை தெரியவில்லை. அதற்குப் பிறகு எந்த உலகக் கோப்பைக்கும் நாம் தகுதி பெறவில்லை.

எனக்கு இந்தப் பற்று பிடித்தது 2001-இல். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஐக்கிய அரபு அமீரகம் பெங்களூருக்கு வந்தது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஜூல்ஸ் ஆல்பெர்ட்டோ அடித்த ஒரே கோலில் நாம் வென்றோம். முதல் அனுபவமே வெற்றியாக அமைந்தது என் ஜாதகக் கோளாறு என்றுதான் சொல்ல வேண்டும். அன்று தோற்றிருந்தால் ஒருவேளை நானும் பிரேசில் பக்கம் போயிருப்பேன். பிரிவின் இறுதியில் அமீரகத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள், நமக்குப் பதினொன்று. அந்த ஒற்றைப் புள்ளியில் அடுத்த சுற்று போய்விட்டது.

இப்படிப்பட்ட அணியின் ரசிகர்கள் எல்லோரும் நாளடைவில் கணக்கர்களாகிவிடுகிறோம். நாம் டிரா செய்து, குவைத் தோற்று, ஆப்கானிஸ்தான் இரண்டு கோலுக்கு மேல் அடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஃபிஃபா தரவரிசையில் 1996 பிப்ரவரியில் நாம் 94-ஆம் இடத்தில் இருந்தோம். அதுவே இன்றுவரை உச்சம். 2015 மார்ச்சில் 173-க்கு இறங்கினோம். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், மக்கள்தொகை இரண்டு லட்சத்தைக்கூட எட்டாத குவாம் தீவிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். அல்சூரையும் சிவாஜி நகரையும் சேர்த்தால் அதைவிடக் கூட்டம் தேறும் என்று மாமா சொன்னார். நவம்பரில் குவாம் எங்கள் ஊர் கண்டீரவா மைதானத்துக்கு வந்தபோது ராபின் சிங் அடித்த கோலில் வென்றோம். குவாமைப் பழிதீர்த்த பெருமிதத்தோடு கஸ்தூர்பா சாலையில் நடந்து வந்தவர்களில் நானும் ஒருவன். உலகில் வேறு எந்த நாட்டு ரசிகனுக்கும் இந்தப் பாக்கியம் எளிதில் வாய்க்காது.

எங்கள் எண்ணிக்கை எவ்வளவு என்பது 2018 ஜூன் முதல் தேதி மும்பையில் அதிகாரபூர்வமாகத் தெரிந்தது. தைவான் அணியான சீன தைபேயை ஐந்து கோல்களில் இந்தியா வீழ்த்திய அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் கேப்டன் சுனில் சேத்ரி ஒரு காணொளியில் கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டார்: எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து அதைச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். நூறாவது ஆட்டத்துக்குக் காத்திருந்த ஒரு தலைவன் தன்னைத் திட்டுவதற்கு ஆள் தேடிய காட்சியைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. இங்கே பெங்களூர் எஃப்சி அணிக்காகப் பல ஆண்டுகளாக ஆடுபவர் என்பதால் அவரை நாங்கள் எங்கள் ஊர்க்காரராகவே வைத்துக்கொண்டோம். டெல்லிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் மறக்க முயன்று தோற்ற ஆட்டம் ஒன்று உண்டென்றால் அது 2019 ஜனவரி 14 அன்று ஷார்ஜாவில் நடந்தது. ஆசியக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என்று வென்றிருந்தோம். 1964-க்குப் பிறகு அந்தக் கோப்பையில் நமக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. இந்தியாவிடம் தோற்றதைத் தாங்க முடியாமல் தாய்லாந்து தன் பயிற்சியாளரையே மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நம்மால் ஒரு வெளிநாட்டவருக்கு வேலை போனது என்று எங்கள் வட்டத்தில் அதையே ஒரு விருதாகக் கொண்டாடினோம். மூன்றாவது ஆட்டத்தில் பஹ்ரைனுடன் டிரா செய்தால் போதும், அடுத்த சுற்று. தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது கோல் ஏதும் இல்லை. வீட்டுக் கூடத்தில் மாமா எழுந்து நின்றுவிட்டார். அம்மா பூஜை அறைக் கதவைத் திறந்து வைத்தாள். கூடுதல் நிமிடங்கள் தொடங்கியதும் நம் பெனால்டி பகுதிக்குள் ஒரு ஃபவுல், பஹ்ரைனுக்குப் பெனால்டி, கோல். பயிற்சியாளர் ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைன் அன்றே பதவி விலகினார். எங்களால் விலக முடியவில்லை. ரசிகனுக்கு ராஜினாமா செய்யும் வசதி கிடையாது.

கண்டீரவாவில் வாடிக்கையாக உட்காரும் எங்கள் வரிசையில் எழுதப்படாத ஒரு சட்டம் இருக்கிறது. கடைசி விசில் ஊதும்வரை "ஜெயிச்சுட்டோம்" என்று யாரும் சொல்லக்கூடாது. 2023 தெற்காசியக் கோப்பைப் போட்டிகளில் பாகிஸ்தானை நான்கு கோலில் வென்ற மழை இரவில் இந்தச் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. சேத்ரி மூன்று கோல் அடித்தார், பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் எதிரணி ஆட்டக்காரரின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கினார். சில நாள் கழித்துக் குவைத்துடன் ஆடியபோது ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். பின் வரிசையில் ஒரு கல்லூரிப் பையன் அந்தத் தடைசெய்யப்பட்ட சொல்லைச் சொன்னான். கூடுதல் நேரத்தில் நம் தடுப்பாட்டக்காரரின் காலில் பட்டு பந்து நம் வலைக்குள்ளேயே போனது. அவனை யாரும் திட்டவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்த பார்வைகளை அவன் வாழ்நாளில் மறக்கமாட்டான். அதே ஆட்டத்தில் ஸ்டிமாச் இரண்டாவது சிவப்பு அட்டையையும் வாங்கினார். இறுதியாட்டத்தில் மறுபடி குவைத், பெனால்டிகளில் நாம் வென்றோம், அரங்கமே எழுந்து பாடியது. அந்த மாதம் தரவரிசையில் நூறுக்குள் வந்தோம். இத்தனை சந்தோஷம் நமக்கு ஆகாதே என்று எனக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது.

பயம் வீண்போகவில்லை. 2024 தொடக்கத்தில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்கள், மூன்று தோல்விகள், ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாத்தியில் சேத்ரி தன் 150-ஆவது ஆட்டத்தில் கோல் அடித்தும், கடைசிக் கட்டத்தில் ஒரு பெனால்டியைக் கொடுத்து ஆப்கானிஸ்தானிடம் தோற்றோம். ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் அவர் விடைபெற்றார். ஐந்து நாள் கழித்துத் தோஹாவில் கத்தாரை வென்றால் உலகக் கோப்பைத் தகுதியின் மூன்றாம் சுற்றுக்கு முதன்முறையாகப் போகலாம். சாங்டே அடித்த கோலில் முன்னிலை பெற்று, எழுபது நிமிடங்களைக் கடந்தோம். அப்போது பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. நம்மவர்கள் ஆட்டம் நின்றதாக நினைத்தார்கள். வெளியே போன பந்தை உள்ளே இழுத்து கத்தார் அடித்தது. நடுவர் கோல் என்றார். அந்தச் சுற்றில் காணொளி மறுபரிசீலனை கிடையாது. பிறகு இன்னொரு கோலும் விழுந்தது. பந்து வெளியே போனது எங்கள் வீட்டில் மாமாவுக்குத் தெரிந்தது, ஆட்டத்தின் அரிச்சுவடியே தெரியாத அம்மாவுக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு முழுவதும் இந்தியா ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை.

இதற்கெல்லாம் காரணம் விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. சம்மேளனத்தின் நிர்வாகக் குழப்பத்தால் 2022 ஆகஸ்டில் ஃபிஃபாவே நம்மைச் சில நாள் தடைசெய்து வைத்தது. ஒழுங்கான இளையோர் லீகுகள் இல்லாமல், கோல் அடிக்கும் பொறுப்பை நாற்பதை நெருங்கும் ஒருவரின் தலையில் ஆண்டுக்கணக்கில் சுமத்திய அணி, கடைசி நிமிடத்தில் களைத்துப்போவதில் மர்மம் ஏதும் இல்லை. 2025-இல் அவரையே ஓய்விலிருந்து திரும்ப அழைத்தார்கள். அவர் வந்தபோது மகிழ்ச்சியில் கைதட்டினேன். தட்டிக்கொண்டே இது வெட்கக்கேடு என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

அந்த ஆண்டு ஜூனில் ஹாங்காங்கிடம் கூடுதல் நேரப் பெனால்டியில் தோற்றோம். அக்டோபரில் கோவாவின் மட்காவ் நகரில் சாங்டே முதலில் கோல் அடித்தும் சிங்கப்பூரிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கான கதவும் மூடியது. அதற்குப் பிறகு நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்துடன் ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தது. வென்றாலும் பயனில்லை, தோற்றாலும் இழக்க ஒன்றுமில்லை. தொடங்கிய சிறிது நேரத்திலேயே வங்கதேசம் கோல் அடித்துவிட்டது. கடைசி நிமிடம் வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலையை மிச்சப்படுத்திவிட்டார்கள் என்று நான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், "ஏற்கெனவே வெளியே போயாச்சு, இதை எதுக்கு உக்காந்து பாக்குறீங்க, சேனலை மாத்துங்க" என்றான். ரிமோட் மாமாவின் கையில் இருந்தது. "ஒரு கோல்தானேடா, இன்னும் எண்பது நிமிஷம் இருக்கு" என்றார். எண்பது நிமிடத்தையும் பார்த்தோம். ஒரு கோலும் வரவில்லை.