ரவுட்டர் மாறிச்சு, பிரிண்டர் காணாமப் போச்சு

வீட்டுக்குள் ஃபைல் ஷேரிங், பிரிண்டர் ஷேரிங் நின்றுபோய் நீங்கள் யாரிடமாவது உதவி கேட்டு, அவர் "ஃபயர்வாலை ஆஃப் பண்ணி அப்படியே விட்டுடுங்க" என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஃபயர்வால்தான் நெட்வொர்க் வழியாகக் கணினிக்குள் வரும் இணைப்புகளை வடிகட்டும் காவல். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். சொன்னவர் ஓர் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் உதவி மையத்தில் வேலை பார்ப்பவர். பாதுகாப்புக்காகத்தான் அவர்களுக்குச் சந்தா கட்டுகிறோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு அமைப்பு எளிமையானது. டெஸ்க்டாப்பில் யுஎஸ்பி வழியாக ஒரு பிரிண்டர், கூடவே எல்லாரும் பயன்படுத்தும் ஒரு ஷேர்டு ஃபோல்டர். என் லேப்டாப்பும் அக்காவின் லேப்டாப்பும் வைஃபையில் அதை எடுத்துக்கொள்ளும். மூன்றிலும் விண்டோஸ் 11. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இணைய நிறுவனம் பழைய ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனது, அன்றோடு எல்லாம் போச்சு. ஃபோல்டரைத் திறந்தால் 80070035 என்று முடியும் பிழை, அதாவது நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை. பிரிண்டர் ஆஃப்லைன்.

முதலில் இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டேன். "இன்டர்நெட் வருதா சார்? வருதுன்னா எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு" என்று வைத்துவிட்டார்கள். புது ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை என்று இரண்டாவதாக ஒரு பெயர் ஓடுவதையும், அதில் சேரும் கருவிகள் வீட்டிலுள்ள மற்ற கருவிகளைப் பார்க்கவே முடியாது என்பதையும் அவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்காவின் லேப்டாப் அதில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. மெயின் வைஃபைக்கு மாற்றினேன். ரவுட்டர் மாறிய வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டு கருவிகளும் ஒரே வலையில் இல்லையென்றால் ஃபயர்வாலில் எதை நோண்டினாலும் பலன் இல்லை.

அடுத்தது, தெரிந்தவர்கள் உடனே சொல்லும் விஷயம்: விண்டோஸில் நெட்வொர்க்கின் வகை பப்ளிக்கா (பொது இடம்), பிரைவேட்டா (சொந்த வீடு). ரவுட்டர் மாறினால் விண்டோஸுக்கு அது வேறு நெட்வொர்க். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அதேதான் என்றாலும் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டர், புதிது. புது நெட்வொர்க்கை அது இயல்பாகப் பப்ளிக் என்றுதான் வைக்கும், பப்ளிக்கில் ஷேரிங் வழிகள் மூடியிருக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் அந்த இணைப்பின் ப்ராப்பர்டீஸ், அங்கே பிரைவேட். ஒரு நிமிட வேலை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பிழை காட்டுவது லேப்டாப் என்பதால் எல்லோரும் லேப்டாப்பையே நோண்டுகிறார்கள். பெரும்பாலும் கதவு மூடியிருப்பது ஃபைலும் பிரிண்டரும் இருக்கிற கணினியில். உள்ளே வரும் இணைப்பைத் தடுப்பது அங்கே இருக்கும் ஃபயர்வால்தான்.

டெஸ்க்டாப்பிலும் பிரைவேட் வைத்தேன். பலன் இல்லை.

இங்கிருந்துதான் உண்மையான அலைச்சல் தொடங்கியது. பெயரில் சிக்கலா, வழியில் சிக்கலா என்று பிரிப்பதற்காக, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டு டெஸ்க்டாப்பின் பெயருக்குப் பதில் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் முகவரி எண்) அடித்தேன். அப்போதும் அதே பிழை. பிங் செய்தால், அதாவது 'இருக்கிறாயா' என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பினால், பதில் வந்தது. பிங் வந்துவிட்டால் ஃபயர்வால் குற்றவாளி இல்லை என்று நிறையப் பேர் முடிவுகட்டிவிடுகிறார்கள், அது தவறு. பிங் போவது ஐசிஎம்பி என்ற வழியில், ஃபைல் ஷேரிங் நடப்பது டிசிபி என்ற வேறு வழியில், 445 என்ற எண்ணுள்ள போர்ட்டில், அதாவது கதவில். ஒன்று திறந்து மற்றொன்று மூடியிருக்கலாம். லேப்டாப்பின் பவர்ஷெல்லில் (கட்டளை அடிக்கும் சாளரம்) டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் (Test-NetConnection) கட்டளையில் டெஸ்க்டாப்பின் ஐபி எண்ணோடு போர்ட் 445 என்று கொடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் ட்ரூ (இணைந்தது) அல்லது ஃபால்ஸ் (இணையவில்லை) என்று வரும். எனக்கு ஃபால்ஸ். இந்த ஒரு வரி எவ்வளவோ நேரத்தை மிச்சப்படுத்தும்.

டெஸ்க்டாப்பின் விண்டோஸ் ஃபயர்வாலில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' பிரைவேட்டுக்கு டிக் ஆகியிருந்தது. அட்வான்ஸ்ட் செக்யூரிட்டி சாளரத்தில் அந்தக் குழுவின் விதிகள் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன. சிவப்பாகத் தடை விதி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். விண்டோஸ் ஃபயர்வாலில் அனுமதியும் தடையும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். எப்போதோ வந்த பாப்-அப்பில் கேன்சல் அழுத்தியிருந்தால்கூட ஒரு தடை விதி உருவாகி உட்கார்ந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. கடைசியாக, தடுக்கப்பட்ட பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் லாகை ஆன் செய்தேன், அது இயல்பில் ஆஃபில்தான் இருக்கும். லேப்டாப்பிலிருந்து மறுபடி மறுபடி முயன்றேன். லாகில் ஒரு வரிகூட விழவில்லை. தடுப்பது யாரோ, தடுத்ததாகப் பதிவு எங்குமே இல்லை.

பதில் விண்டோஸ் செக்யூரிட்டியின் ஃபயர்வால் பக்கத்திலேயே இருந்தது. ஃபயர்வாலை நிர்வகிப்பது விண்டோஸ் அல்ல, நிறுவியிருந்த ஆன்டிவைரஸ் என்று அங்கே அதன் பெயரோடு போட்டிருந்தது. வாசலில் வேறொரு காவலாளி நிற்க, நான் வீட்டுக்குள் தூங்குகிறவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உங்கள் கணினியில் வேறு ஆன்டிவைரஸ் இருந்தால், எந்த விதியையும் தொடும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, அந்த நிறுவனத்தையே கேட்போம் என்று உதவி மையத்தைக் கூப்பிட்டேன். வெகுநேரம் காத்திருந்து ஒருவர் கிடைத்தார். 445 மூடியிருக்கிறது, பிங் வருகிறது, விண்டோஸ் பக்கம் எல்லாம் சரி என்று விவரமாகச் சொன்னேன். "சார், நீங்க ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்க." ஆஃப் செய்தேன். 445 ட்ரூ. ஃபோல்டர் திறந்தது. "வொர்க் ஆகுதுல்ல சார்? அப்படியே விட்டுடுங்க." எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "ரவுட்டர்லயே ஃபயர்வால் இருக்கு சார், பயப்படாதீங்க" என்றார். இன்னும் கேள்வி கேட்டதற்கு, புகார் தீர்ந்தது என்று பதிந்துகொண்டு முடித்துவிட்டார்.

ஒரு நிமிடம் ஆஃப் செய்து பார்ப்பது சோதனை, அதில் தவறில்லை. தடுப்பது யார் என்று உறுதியாகிறது. அப்படியே விட்டுவிடச் சொல்வது வேறு. ரவுட்டர் வெளியிலிருந்து வருவதைத்தான் தடுக்கும். வீட்டுக்குள் ஒரு கருவியில் ஏதாவது புகுந்துவிட்டால் அது பக்கத்துக் கணினிக்குத் தாவுவதை நிறுத்தக் கணினியின் சொந்த ஃபயர்வால் வேண்டும். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற மால்வேர் பரவியது இதே 445 வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தும், அதைப் போடாத கணினிகள் ஒன்றிலிருந்து ஒன்றாக விழுந்தன. பாதுகாப்பு விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

மறுபடி ஃபயர்வாலை ஆன் செய்துவிட்டு அந்த மென்பொருளின் மெனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஃபயர்வாலுக்குள் நெட்வொர்க்குகள் என்று ஒரு பட்டியல். பழைய ரவுட்டர் 'நம்பகமானது', புது ரவுட்டர் 'பொது இடம்'. விண்டோஸில் நான் பிரைவேட் என்று மாற்றியதை இது கண்டுகொள்ளவே இல்லை, தனக்கென்று தனிக் கணக்கு வைத்திருந்தது. நம்பகமானது என்று மாற்றிச் சேமித்தேன். 445 ட்ரூ. ஃபயர்வால் ஆனில் இருக்கும்போதே ஃபோல்டர் திறந்தது. உதவி மையம் சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்த ஒரு கிளிக்தான்.

பிரிண்டர் மட்டும் இன்னும் வரவில்லை.

ஃபோல்டர் வருகிறதே, பிரிண்டர் ஏன் வராது என்று மண்டையைக் குடைந்தது. மறுபடி உதவி மையம், வேறொருவர். "அது டிரைவர் பிரச்சினை, பிரிண்டர் கம்பெனியைக் கேளுங்க" என்று கைவிரித்தார். டெஸ்க்டாப்பிலிருந்து டெஸ்ட் பேஜ் அழகாக வருகிறது என்று சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இணையத்தில் தேடினால், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஆர்பிசி (ஒரு கணினி மற்றொன்றிடம் வேலை வாங்கும் முறை) தொடர்பான ஒரு மதிப்பைப் பூஜ்ஜியமாக்கச் சொல்லும் யோசனை எங்கு பார்த்தாலும் கிடைக்கும். அது 11பி என்று முடியும் பிழைக்கானது. 2021 செப்டம்பர் அப்டேட்டுகளுக்குப் பிறகு பலருக்கு வந்தது. அந்த மதிப்பைப் பூஜ்ஜியமாக்கினால் அந்த அப்டேட் கொடுத்த பாதுகாப்பும் சேர்ந்து போகும். எனக்கு வந்தது அந்த எண்ணே இல்லை. பிழை எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காதீர்கள்.

ஆன்டிவைரஸின் சொந்த லாகை ஆன் செய்துவிட்டு லேப்டாப்பிலிருந்து பிரிண்டரைச் சேர்க்க முயன்றேன். உடனே ஒரு வரி விழுந்தது: நேரம், என் லேப்டாப்பின் ஐபி எண், உள்வரும் இணைப்பு, டிசிபி 135, தடுக்கப்பட்டது. அதைப் பார்த்ததும் வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து, ஷேர் செய்த பிரிண்டரோடு பேசுவது இயல்பாகவே 445 வழியாக இல்லை. முதலில் 135-இல் கேட்கும், அங்கிருந்து 49152-க்கும் 65535-க்கும் நடுவில் ஏதோ ஒரு போர்ட்டுக்கு அனுப்பப்படும். அந்த ஆன்டிவைரஸின் 'நம்பகமான நெட்வொர்க்' திறந்துவிட்டது 137 முதல் 139 வரையும் 445-உம் மட்டுமே. ஃபைலுக்கு அது போதும், பிரிண்டருக்குப் போதாது.

135-ஐத் திறந்தேன். அடுத்த முயற்சியில் லாகில் 49 ஆயிரத்தைத் தாண்டிய ஒரு எண் தடுக்கப்பட்டிருந்தது. அந்த எண் மாறக்கூடியது, அதை மட்டும் திறப்பதில் அர்த்தமில்லை. அந்த வரம்பு முழுவதையும் எல்லாருக்கும் திறப்பது ஆபத்து. அதனால் விதியைப் போர்ட்டுக்கு எழுதாமல் புரோகிராமுக்கு எழுதினேன்: பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலர் புரோகிராம், உள்வரும் டிசிபி, லோக்கல் சப்நெட்டிலிருந்து (வீட்டு வலையிலிருந்து) மட்டும். விண்டோஸின் சொந்த ஃபயர்வாலிலும் 'ஸ்பூலர் சர்வீஸ் ஆர்பிசி' என்ற விதி இதே வேலையைத்தான் செய்கிறது, அங்கே அது தயாராகவே இருக்கிறது. சேமித்துவிட்டு லேப்டாப்பில் பிரிண்ட் கொடுத்தேன். பக்கத்து அறையில் பிரிண்டர் காகிதத்தை இழுக்கும் சத்தம் கேட்டதும் அக்கா அங்கிருந்தே "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்தினாள்.

சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. சாதாரணமாக அன்-இன்ஸ்டால் செய்தால் இந்த மாதிரி மென்பொருள்கள் நெட்வொர்க் ஃபில்டர்களை மிச்சம் வைத்துவிட்டுப் போவதுண்டு. அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் ஃபயர்வால் திரும்பப் பொறுப்பேற்றதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இதே பிரச்சினையில் இருப்பவர்களுக்கு இன்னும் சில. நெட்வொர்க் பக்கத்தில் கணினியின் பெயர் தெரியவில்லை என்பது தனிப் பிரச்சினை. அது டிஸ்கவரி, அதாவது கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் வேலை, யுடிபி 3702 போன்ற வேறு வழிகளில் நடக்கிறது. ஐபி எண்ணில் ஃபோல்டர் திறந்தால் பாதி ஜெயித்தாயிற்று. பெயர் வர, ஃபைல் இருக்கும் கணினியில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கிறது என்றால் சந்தோஷப்படுங்கள், ஃபயர்வாலைத் தாண்டிவிட்டீர்கள். அங்கே பின் (PIN) எண் செல்லாது, கணக்கின் பாஸ்வேர்டுதான் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் அனுமதி இல்லை என்று வந்தால் ஃபோல்டரின் பெர்மிஷனைப் பாருங்கள், ஃபயர்வாலை விட்டுவிடுங்கள்.

பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி வேலை செய்யவில்லை என்று ஃபைல் ஷேரிங்கின் பழைய முறையான எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். வான்னாகிரை பயன்படுத்திய ஓட்டை அதில்தான் இருந்தது. வேலைக்காக விபிஎன் (ஆபீஸ் வலையோடு இணைக்கும் மென்பொருள்) போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். அக்காவின் ஆபீஸ் விபிஎன் ஆனில் இருக்கும் வரை எங்கள் பிரிண்டர் அவளுக்கு வருவதில்லை, அது அவர்கள் ஆபீஸ் வைத்த கட்டுப்பாடு. டெஸ்க்டாப்பின் ஐபி எண்ணை ரவுட்டரில் ரிசர்வ் செய்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் எண் மாறி மறுபடி முதலிலிருந்து தேடுவீர்கள். ரவுட்டருக்குள் போன கையோடு போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே விடும் அமைப்பு) பக்கத்தையும் திறந்து, அங்கே 445 இருந்தால் அழித்துவிடுங்கள். வீட்டுக்குள் ஷேர் செய்ய அது தேவையே இல்லை.