கல்லூரியில் கேம் டெவலப்மென்ட் கிளப்: முதல் செமஸ்டரில் கவனிக்க வேண்டியவை

கிளப் தொடங்க எழுதும் அனுமதிக் கடிதத்தில் 'கேம்' என்ற சொல்லைப் பார்த்ததும், லேபில் உட்கார்ந்து விளையாட இடம் கேட்கிறார்கள் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் செமஸ்டர் முடிவில் கையில் என்ன இருக்கும் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்: பிரவுசரில் ஓடும் நான்கு சின்ன கேம்கள், அவற்றின் நிரல் (கோடு), எல்லோரும் வந்து விளையாடிப் பார்க்க ஒரு மாலை. பொறுப்பாசிரியருக்கு கேம் செய்யத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடவும் லேப் நேரம் வாங்கித் தரவும் தயங்காதவராக இருந்தால் போதும். தேவைகளையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு வாரம் போய்விடும்.

எந்த எஞ்சின் (கேம் உருவாக்க உதவும் மென்பொருள்) என்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். முதல் கூட்டம் முழுக்க அந்த வாக்குவாதத்திலேயே முடிந்துவிடும். தொடக்கத்துக்கு கோடோ (Godot) என்ற எஞ்சின் போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஜிப்பைப் பிரித்தால் ஓடும், அட்மின் பாஸ்வேர்ட் வேண்டாம், எம்ஐடி உரிமம், அதாவது யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இன்னொரு எஞ்சினான யூனிட்டியும் நல்ல கருவிதான். ஆனால் பல ஜிபி நிறுவலும் ஆளுக்கொரு கணக்கும் உரிமமும் சேர்ந்து லேபில் முதல் இரண்டு கூட்டங்களை விழுங்கிவிடும்.

பழைய லேப் கணினியில் கோடோ 4 தகராறு செய்தால், பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்பில் வல்கன் (கோடோ 4 படம் வரையப் பயன்படுத்தும் இடைமுகம்) வசதி இல்லாததே காரணம். புது ப்ராஜெக்ட் தொடங்கும்போதே திரையில் படம் வரையும் பகுதியான ரெண்டரரில் 'கம்பாடிபிலிட்டி'யைத் தேர்ந்தெடுங்கள். பிரவுசருக்கு எக்ஸ்போர்ட் செய்யவும், அதாவது பிரவுசரில் ஓடும் வடிவமாக மாற்றவும், அதுதான் வேண்டும். எழுதும் மொழி கோடோவின் சொந்த ஜிடிஸ்கிரிப்ட். கோடோ 4-இல் சி ஷார்ப்பில் எழுதிய கேமை பிரவுசருக்குக் கொண்டுபோக முடியாது. எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். ஒருவர் புதிய பதிப்பில் திறந்து சேமித்த ப்ராஜெக்ட் மற்றவரிடம் திறக்காமல் போகலாம். எக்ஸ்போர்ட்டுக்குத் தேவையான டெம்ப்ளேட் கோப்பு கோடோ எடிட்டரைவிடப் பல மடங்கு பெரியது. ஒருமுறை இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிக நேரம், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளில்தான் வீணாகும். இரண்டு பேர் ஒரே சீனை (கேமின் ஒரு பகுதியைச் சேமிக்கும் கோப்பை) திருத்தினால், இருவர் மாற்றங்களையும் ஒன்றாக்கும்போது மெர்ஜ் சிக்கல் வர வாய்ப்பு அதிகம். அதனால் வீரன், எதிரி, மெனு என்று தனித்தனி சீன்களாகப் பிரித்து, ஒரு சீனுக்கு ஒருவரே பொறுப்பு என்று வையுங்கள். கோடோ தானே உருவாக்கும் டாட் கோடோ (.godot) கோப்புறையை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் இக்னோர் பட்டியலில் போட வேண்டும். படங்களுக்குப் பக்கத்தில் வரும் இம்போர்ட் கோப்புகளை கமிட் செய்ய (கிட்டில் பதிய) வேண்டும். இதைப் பலரும் தலைகீழாகச் செய்வார்கள். கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. கமிட் செய்துவிட்டு அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் அது இருப்பதால் புஷ் (கிட்ஹப்பில் ஏற்றுவது) மறுக்கப்படும். பிளெண்டர் (3டி), கிரிட்டா (ஓவியம்) மென்பொருள்களின் மூலக் கோப்புகளை வேறிடத்தில் வையுங்கள். கோப்புப் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும். விண்டோஸ் பெரிய, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. எக்ஸ்போர்ட் ஆன கேம் பார்க்கும். லேபில் ஓடியது பிரவுசரில் படம் காணாமல் நிற்பதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

கேமின் அளவு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஓபன் வேர்ல்ட் (பரந்த உலகில் இஷ்டப்படி சுற்றும் கேம்) கனவோடுதான் வருவார்கள், அந்த ஆசையைக் கிண்டல் செய்யக் கூடாது. ஆனால் முதல் கேம் ஒரே திரை, இரண்டு வாரம், அவ்வளவுதான். குழுவுக்கு மூன்று பேர், மிஞ்சினால் நான்கு. ஆறு பேர் இருந்தால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள், நான்காம் வாரம் வரமாட்டார்கள். 'முடிந்தது' என்றால் தொடக்கத் திரை, தோல்வி அல்லது வெற்றி, மறுபடி விளையாடும் பொத்தான், இன்னொருவர் பிரவுசரில் ஓடுவது, இவை நான்கும். தொடக்கத் திரை வெறும் அலங்காரமல்ல. பயனர் ஒரு முறை கிளிக் செய்யும்வரை பிரவுசர் பொதுவாக ஒலியை அனுமதிக்காது.

இரண்டு மணி நேரக் கூட்டத்தில் விளக்கம் 20 நிமிடம் போதும். மீதி நேரம் செய்வதற்கு. கடைசி அரை மணி நேரம் இருக்கை மாறி அடுத்த குழுவின் கேமை விளையாட வேண்டும். அப்போது உருவாக்கியவர் வாய் திறக்கக் கூடாது. விளையாடுபவர் எங்கே திணறுகிறார் என்று எழுதிக்கொள்வது மட்டும்தான் அவர் வேலை. விரிவுரை கேட்பதைவிட அதிகம் கற்றுக்கொள்வது இங்கேதான்.

படம் வரைபவர் கிடைக்கும்வரை கென்னி தளத்தின் சிசி0 (யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமம்) படங்கள் உதவும். ஓபன்கேம்ஆர்ட் தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் வேறு. எடுத்த நாளிலேயே பெயரையும் உரிமத்தையும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள், கடைசியில் தேடினால் கிடைக்காது.

2009 முதல் ஜனவரி இறுதியை ஒட்டி நடக்கும் குளோபல் கேம் ஜாம் (குறித்த நேரத்துக்குள் கேம் செய்யும் உலகளாவிய நிகழ்வு) நல்ல இலக்கு. ஆனால் 48 மணி நேரத்துக்குக் கல்லூரியைத் திறந்து வைக்க இரவு அனுமதி வேண்டும். அதற்கு முன் விடுமுறை நாளொன்றில் எட்டு மணி நேர ஜாம் நடத்திப் பாருங்கள். ஆறாவது மணிக்குப் பிறகு புதிதாக எதுவும் சேர்க்காமல், பிழை திருத்தி கேம்களை வெளியிடும் இட்ச்.ஐஓ தளத்தில் ஏற்றுவது மட்டும். ஜிப்புக்குள் முதன்மைக் கோப்பின் பெயர் 'index.html' என்றில்லாவிட்டால் பிரவுசரில் கேம் திறக்காது.

இட்ச் பக்கமும் கிட்ஹப் கணக்கும் கிளப்பின் மின்னஞ்சலில் இருக்கட்டும், எந்த சீனியரின் சொந்த மின்னஞ்சலிலும் வேண்டாம். பாஸ்வேர்ட் வெவ்வேறு ஆண்டு மாணவர்கள் இருவரிடம் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது அடுத்த ஆண்டும் படிப்பவராக இருக்க வேண்டும்.